நான்காவது பல்லின் மூலை

செங்சோ மின்சாமான் சந்தையின் மூன்றாவது வரிசையில், தோங் குய்லானின் கடை மேசைமேல், எல்லோரும் பார்க்க மூன்று பிரேக்கர்களைத் திறந்தேன். ரிவெட்டின் தலையை டிரில்லால் எடுத்துவிட்டால் ஓடு இரண்டாகப் பிரிந்துவிடும். லென்ஸைக் கண்ணில் வைத்து உள்ளே ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்த்தேன். ஒன்றுக்குப் பத்து விநாடி. நிமிர்ந்து, "போலி" என்றேன்.

"எதப் பாத்த?" என்றாள் குய்லான்.

"பாக்க வேண்டியதப் பாத்தேன்."

"அதான், எத?"

"அது கம்பெனி ரகசியம், அக்கா."

"அக்காவா? உன்ன மாதிரி ஒண்ணு எங்க வீட்டுல பொறந்திருந்தா எங்கம்மா அன்னிக்கே ஆத்துல விட்டிருப்பா."

கூட்டம் சிரித்தது. பக்கத்துக் கடைக்காரர்கள்தான். அவர்கள் கடைகளிலும் அதே சரக்கு இருந்திருக்கும். நாங்கள் வருவது தெரிந்ததும் பின்வாசல் வழியாகப் போயிருக்கும். குய்லானுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தையில் நண்பர்கள் குறைவு. ஐம்பது வயது, குள்ளம், சட்டைக்கை அழுக்காகாமல் இருக்க முழங்கைவரை பூப்போட்ட துணி உறை, எதிரே யார் நின்றாலும் ஒரே குரல். அவள் புருஷன் லூ பாவ்கென் தேயிலை மிதக்கும் கண்ணாடிப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். கடை உரிமம் அவர் பெயரில் இருந்தது. அன்று அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

நான் வேலை பார்த்த கம்பெனி ஜெர்மனியைச் சேர்ந்தது. வீட்டில் மின்சாரம் எகிறினால் தானே துண்டித்துக்கொள்ளும் அந்தச் சின்ன சுவிட்சைச் செய்கிறவர்கள். தொழிற்சாலை சூச்சோ பக்கத்தில். சந்தையில் யாரும் கம்பெனி பெயரைச் சொல்வதில்லை, 'நீலப்பெட்டி' என்பார்கள். நீலப்பெட்டி ஒன்று விற்கும் இடத்தில் போலி நீலப்பெட்டி மூன்று விற்றது. அதைப் பிடிப்பது என் வேலை. எந்தப் பட்டமும் பார்த்து என்னை எடுக்கவில்லை. பொறியியல் கல்லூரியை இரண்டாம் வருடமே விட்டுவிட்டு, வென்சோ பக்கம் எங்கள் ஊரில் சித்தப்பாவின் பட்டறையில் நாலு வருடம் இரவு ஷிப்டில் போலி நீலப்பெட்டி செய்தவன் நான். கம்பெனிக்கு அந்தத் தகுதி போதுமாக இருந்தது.

குய்லான் ஒரு பெட்டியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சதுரக் குறியைச் செல்போனில் காட்டி, திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படி. அசல்னு சொல்லுது."

"ஒரே குறிய ஆயிரம் ஒட்டுத்தாள்ல அடிச்சா ஆயிரமும் அசல்னுதான் சொல்லும்."

"அப்ப அத எதுக்கு ஒட்டுறீங்க? அழகுக்கா?"

இதற்கும் கூட்டம் சிரித்தது. வணிக மேற்பார்வை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கெங் சிரிக்கவில்லை. பருமனான ஆள், வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "பில்லு இருக்காம்மா?" என்று கேட்டார்.

இல்லை. ஒரு வணிக வளாகம் பாதியில் நின்றுபோயிருந்தது. அதன் ஒப்பந்தக்காரன் மிஞ்சிய சரக்கை மலிவாகத் தள்ளினான், இவள் வாங்கினாள். இப்போது அவன் போன் எடுப்பதில்லை. சந்தையில் பாதிச் சரக்கு அப்படித்தான் வரும். எல்லோருக்கும் அது தெரியும், ஆனால் அன்று எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது பிரேக்கரைத் திறந்தபோது என் கைக்கு உறுத்தியது. எடை சரியாக இருந்தது. உள்ளே செம்புக் கம்பியின் வெல்டிங் சுத்தமாக இருந்தது. போலியில் அந்த இடம் எச்சில் துப்பியது போல இருக்கும். 'பயல்கள் தேறிவிட்டார்கள்' என்று நினைத்துக்கொண்டு ஓட்டை மூடினேன். எனக்குக் கொடுத்திருந்த விதி ஒன்றுதான்: அந்த இடம் சொல்வதே முடிவு.

மறுநாள் கம்பெனியின் ஷாங்காய் அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. ஒரு பக்கம். கீழே என் கையெழுத்து, மேலே கம்பெனியின் சிவப்பு முத்திரை. பெயருக்குச் சொந்தக்காரனே போலி என்று சொல்லிவிட்டால் சட்டம் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. சரக்கின் மதிப்பு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அபராதத்தோடு நிற்பதும் இல்லை. பாவ்கென்னைப் போலீஸ் கொண்டுபோனது. அதிகபட்சம் முப்பத்தேழு நாள் காவலில் வைக்கலாம். அதற்குள் விட வேண்டும். இல்லையென்றால் முறையாகக் கைது செய்து வழக்குப் போட வேண்டும். வழக்குப் போட்டுவிட்டால் இந்த ஊரில் யாரும் தண்டனை இல்லாமல் வெளியே வருவதில்லை.

பன்னிரண்டாவது நாள் மதியம் நான் ஆட்டுக்கறி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு சந்தைக்காக இன்னும் செங்சோவில்தான் இருந்தேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குய்லான் உட்கார்ந்தாள்.

"நல்லா எறங்குதா?"

"சாப்பிடறப்ப வேண்டாம், அக்கா."

"மறுபடியும் அக்கான்னா இந்தக் கிண்ணம் உன் தலையில இருக்கும்." பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மேசைமேல் கொட்டினாள். சட்டைப் பொத்தான்கள். "உள்ள பொத்தான் வெச்ச சட்டைய விடமாட்டாங்களாம். நாலு சட்டையில பிச்சேன். அவருக்கு இடுப்புல பிரச்சினை. தரையில படுக்க முடியாம செவுத்துல சாஞ்சு நிக்கறாராம், வக்கீல் சொல்றாரு. என்னப் பாக்க விடமாட்டாங்க. உன்ன மட்டும் எங்க வேணா விடுவாங்க, இல்ல?"

போலி விற்றவன் மனைவி அழுவாள், கத்துவாள், காலில் விழுவாள். எல்லாம் பார்த்தாயிற்று. இவள் எதுவும் செய்யவில்லை. பையிலிருந்து ஒரு நீலப்பெட்டியையும் அதன்மேல் ஒரு பில்லையும் வைத்தாள்.

"உங்க கம்பெனியோட சொந்த டீலர். மணிக்கூண்டுக்கு எதிர்ல, கண்ணாடிக் கட்டடம். காலைல நானே போயி வாங்கினேன். பில்லு பாரு, முத்திரை பாரு. இப்பத் திற."

"இங்கயா?"

"ஏன், என் கடையில மட்டும்தான் திறப்பியா?"

அவள் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் டிரில்லை எடுத்தேன். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. டிரில் சத்தம் கேட்டதும் கடைக்காரன் அடுப்படியிலிருந்து கத்தினான்: "யோவ், குழம்புல பிளாஸ்டிக் தூள் விழுது! வெளிய போயி நோண்டுய்யா!" ஓட்டைப் பிரித்தேன். லென்ஸை வைத்தேன்.

உள்ளே தீப்பொறியை அணைக்க ஒரு வரிசைப் பற்கள் இருக்கும், ஓட்டிலேயே வார்த்தவை. இடமிருந்து நான்காவது பல்லின் வலது மூலை, மணல் அளவு, உடைந்திருக்க வேண்டும். அச்சு செய்தபோதே வேண்டுமென்று விட்ட குறை அது. போலி செய்கிறவன் மாதிரியைப் பார்த்து வெட்டும்போது அந்த மூலையைச் சரிசெய்துவிடுவான், குறை என்று நினைத்து. அதுதான் பொறி. ஜெர்மனியில் ஒருவருக்கும், ஷாங்காயில் என் மேலதிகாரி ஷென் மேடத்துக்கும், எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

டீலரிடம் பில்லோடு வாங்கிய பிரேக்கரில் அந்த மூலை முழுசாக இருந்தது.

"என்ன எஞ்சினியர், நாக்க முழுங்கிட்டியா?"

"டீலர் கலக்கறான் போல."

"ஆமா. டீலர் திருடன், நான் திருடி, ஒப்பந்தக்காரன் திருடன். நீ ஒருத்தன்தான் யோக்கியன்." பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். "என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ சொல்லு, அது போலின்னு."

நான் சொன்னேன். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலைக்குப் போனேன். வரிசையிலிருந்து சூடு ஆறாத பத்து ஓடுகளை எடுத்துப் பார்த்தேன். பத்திலும் மூலை முழுசு. அச்சுப் பிரிவுக்கு நடந்தேன்.

அச்சு பழுதுபார்க்கும் ஹாவ் மாஸ்டர் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, எதைத் தேடுகிறேன் என்று சொல்வதற்கு முன்பே புரிந்துகொண்டார்.

"நாலாவது பல்லு மூலையா? அது நான்தான் சரி பண்ணேன்."

"எப்ப?"

"போன வருஷம், ஏப்ரல்ல. வேற ஆலையிலேருந்து இங்க மாத்தலாகி வந்ததும் மொத மொத கண்ணுல பட்டது அதுதான். எவனோ சோம்பேறி அச்சுல மணல் அளவு இரும்ப விட்டுட்டுப் போயிருக்கான். எட்டு அச்சுலயும், அதே எடத்துல! எட்டையும் எடுத்துட்டேன்."

"எட்டுலயும் அதே எடத்துல இருந்தா, வேணும்னே விட்டிருப்பாங்கன்னு தோணலியா மாஸ்டர்?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வேணும்னே எவனாவது தப்பா வெட்டுவானா?"

"அதத் தொடக்கூடாதுன்னு யாரும் சொல்லலியா?"

"யாரு சொல்றது? யாருக்குத் தெரியும்?" பெருமையாகச் சுவரைக் காட்டினார். "சொன்னாங்க, வேற மாதிரி."

அந்தத் தொழிற்சாலையில் மாதாமாதம் ஒரு திருத்தத்துக்குப் பரிசு உண்டு. சுவர் முழுக்கச் சட்டம்போட்ட காகிதங்கள். ஏப்ரல் மாதத்துக் காகிதத்தில் ஹாவ் மாஸ்டரின் பெயர், தேதி, இரண்டு படங்கள்: 'முன்பு' என்று உடைந்த மூலை, 'பின்பு' என்று முழு மூலை. கீழே கம்பெனியின் சிவப்பு முத்திரை. பரிசு ஒரு வெந்நீர்க் குடுவை. அதிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

ரகசியத்தை அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியிருந்தோம். காப்பாற்ற வேண்டியவனுக்கே சொல்லவில்லை. அவன் அதை அழித்தான், நாங்கள் குடுவை கொடுத்தோம்.

படம் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து ஊரிலிருந்த சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். பட்டறை இப்போது அவன் கையில்.

"நீலப்பெட்டி ஓட்டுல, நாலாவது பல்லு மூலை. உங்க அச்சுல எப்படி இருக்கு?"

"ஒடஞ்சு இருக்குண்ணே. உங்களுது எப்படியோ அப்படியே. முன்ன மாதிரி கண்ணால பாத்தா வெட்டறோம்? ஸ்கேன் பண்றோம். ஒடஞ்சது ஒடஞ்சாப்லயே வரும். ஏண்ணே, நீங்க மாத்திட்டீங்களா?"

போனை வைத்துவிட்டேன். வைத்ததே பதில் என்பது அவனுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

ஏப்ரலுக்குப் பிறகு 'போலி' என்று நான் கையெழுத்துப் போட்ட காகிதங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. அதில் எத்தனை அசல், எத்தனை போலி, எனக்கே தெரியாது. மூலை உடைந்திருந்ததால் 'அசல்' என்று விட்ட சரக்கும் மூன்று இருந்தது. ஒன்று தாதியர் கல்லூரி விடுதிக்குப் போயிருந்தது.

ஷென் மேடம் நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பத்தொன்பதாம் தளம், பின்னால் ஆறு. கேட்டு முடித்ததும் முதல் கேள்வி: "எத்தன பேருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு. மாஸ்டருக்குப் பாதி."

"நல்லது. விடுதிய நான் பாத்துக்கறேன். இலவசப் பராமரிப்புன்னு சொல்லி இந்த வாரமே எல்லாத்தையும் மாத்திடுவாங்க." அதை அவர் செய்தார். சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. "இனிமே எடை, வெல்டிங், கம்பி, எல்லாம் பாரு. மூலைய மறந்துடு."

"பழைய நாற்பத்தொண்ணு?"

"அத்தனையும் அசல்தான்னு உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"போலின்னு?"

"அதுவும் முடியாது."

"அப்ப எதச் சொல்லப் போற? எங்க ஆளு பதினாறு மாசமாக் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டான்னா? நாளைக்கு நிஜத் திருடன் ஒவ்வொருத்தனோட வக்கீலும் அந்தக் காகிதத்தத் தூக்கிட்டு நிப்பான். இருபது வருஷ வேலை, பாங். உன் ஒருத்தன் மனசு உறுத்துதுன்னு அதக் குப்பையில போடுவாங்களா?"

"செங்சோவுல ஒருத்தர் உள்ள இருக்காரு. அவரு சரக்கு அசல். அது எனக்குத் தெரியும்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "மன்னிப்புக் கடிதம் தரலாம். பாதிக்கப்பட்ட கம்பெனி மன்னிச்சிடுச்சுன்னா கோர்ட்டு தண்டனைய நிறுத்தி வெக்கும். வீட்டுக்குப் போயிடலாம். ஆனா மொதல்ல அவரு குத்தத்த ஒத்துக்கணும்."

"செய்யாத குத்தத்தையா?"

"நீ என்ன நீதிபதியா?" என்றார் ஷென் மேடம். "வெல்டிங்கு சுத்தமா இருக்கறது அன்னிக்கே கண்ணுல படலியா உனக்கு?"

பட்டது. கடிதத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

இருபத்து நான்காவது நாள். குய்லானின் கடை திறந்திருந்தது, தட்டுகள் காலி. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சாதாரண ஒயர்களைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன். வாங்கி, சந்தைக்கே கேட்கிற குரலில் வாசித்தாள்.

"'...லூ பாவ்கென் தன் தவற்றை மனதார ஒப்புக்கொள்ளும் பட்சத்தில், எமது நிறுவனம் அவரை மன்னித்து...' மன்னிச்சு!" எழுந்து நின்றாள். "என்ன மன்னிக்கறதுக்கு நீ யாருடா? என் தராசுல கைய வெச்சவன் நீ. எம் புருஷன நிக்க வெச்சவன் நீ. மன்னிப்புக் கடிதாசியத் தூக்கிட்டு ரயிலேறி வந்திருக்க! டிக்கெட் காசு கம்பெனி குடுத்துதா?"

"இதக் குடுத்தா அவரு வீட்டுக்கு வரலாம்."

"திருடன்ற பேரோட."

"வீட்டுக்கு வரலாம்."

"முப்பது வருஷமா இந்த வரிசையில இருக்கோம். எம் வாய்க்காக என்ன வெறுக்கறவன் நூறு பேரு. இதோ நிக்கறானுங்களே, இவனுங்கதான். ஆனா ஒருத்தன், ஒரே ஒருத்தன், பாவ்கென் சரக்கு மட்டம்னு சொல்லியிருக்கானான்னு கேளு." பக்கத்துக் கடைக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். "இன்னொண்ணு சொல்லு. டீலர் கலக்கறான்னியே நூடுல்ஸ் கடையில. பன்னெண்டு நாளாச்சு. தினம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்து வாசல்ல போயி நிக்கறேன். ஒரு அதிகாரியும் வரல. ஒரு பெட்டியும் தூக்கல. ஏன்?"

நான் வாசலைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள். எட்டிப்பிடித்து ஷட்டரை இறக்கினாள். பாதியில் நின்றது, அதற்குக் கீழே பக்கத்துக் கடைக்காரர்களின் கால்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். எதப் பாத்தன்னு. அதுக்குப் பதில் சொல்லாம நீ இந்த எடத்த விட்டுப் போகமாட்ட."

பாவ்கென்னை நினைத்துப் பேசினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மனிதரின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, கண்ணாடிப் புட்டிதான் நினைவிருந்தது. பதினாறு மாதம் பத்து பத்து விநாடியாக ஓர் ஓட்டுக்குள் பார்த்துவிட்டு ஊரைக் கலங்கடித்தவன் நான், அந்த ஓட்டுக்குள் எதுவுமே இல்லை என்பதை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. நூடுல்ஸ் கடையில் திறந்த பிரேக்கர் என் பையில் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்து, லென்ஸை அவளிடம் கொடுத்தேன்.

"எடமிருந்து நாலாவது பல்லு. வலது மூலை."

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. முழுசா இருக்கு."

"சரி?"

"ஒடஞ்சிருந்தா அசல்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க. போன வருஷம் தொழிற்சாலையில அந்த மூலைய அவங்களே சரி பண்ணிட்டாங்க. எனக்குச் சொல்லல."

ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடிக் கால் குனிந்தது, ஒரு தலை தெரிந்தது. "என்னா, மூலையா?" என்று கேட்டது. "அவ்ளோதானா?"

குய்லான் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பற்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக் கெங்கைக் கூப்பிட்டாள். "உங்க எஞ்சினியர் என் கடையில இருக்கான். ஓடறதுக்குள்ள வாங்க."

கெங் மூச்சிரைக்க வந்தார். மூலையைப் பற்றியும், அதை நம்பி நான் போட்ட நாற்பத்தொரு கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். கேட்டார். வேர்வையைத் துடைத்தார். "இத எழுதிக் குடுப்பியா, பாங்?"

"குடுக்கறேன்."

"முத்திரை?"

"கம்பெனி போடாது."

"முத்திரை இல்லாத காகிதத்த வெச்சு நான் என்னய்யா பண்றது, கடலை மடிக்கவா? முத்திரையோட வந்த காகிதம் ஏற்கெனவே எங்கிட்ட இருக்கு. உன் கையெழுத்துதான் அதுலயும்."

போனில் ஹாவ் மாஸ்டரின் சுவரைக் காட்டினேன். 'முன்பு', 'பின்பு', தேதி, ஒரு மனிதன் குடுவையோடு சிரிக்கும் படம். கெங் திரையை விரித்து விரித்துப் பெரிதாக்கிக் கீழே இருந்த சிவப்பு வட்டத்துக்கு வந்தார். அதே முத்திரை.

"இதுக்குப் பரிசு வேற குடுத்தானுங்களா?" என்றார் மெதுவாக.

"பாத்துட்டீங்கல்ல?" என்றாள் குய்லான். "போங்க, எழுதுங்க. இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு."

அதில் பத்து நாள் ஆனது. அரசு வக்கீல் அலுவலகம் தொழிற்சாலையிலிருந்து சரக்கைத் தருவித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. முப்பத்து நான்காவது நாள் பாவ்கென்னை விட்டார்கள். வருத்தம் தெரிவித்து யாரும் கடிதம் எழுதவில்லை. அப்படி ஒரு படிவமே இல்லை என்று கெங் சொன்னார்.

என்னை அதற்கு முன்பே வேலையை விட்டு எடுத்திருந்தார்கள். ரகசியத்தை வெளியிட்டதற்கு வழக்கும் வரும் என்று ஷென் மேடம் போனில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். சித்தப்பா மகன் அதே வாரம் பேசினான்: "மூலைய நிரப்பியாச்சுண்ணே. ரெண்டு நாள் வேலை." எங்கள் ரகசியத்துக்கு முடிவு அதுதான்.

டிரில்லைக் குய்லானின் கடையில் விட்டிருந்தேன். அதை எடுக்கத்தான் போனேன், வேறு எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. பாவ்கென் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கண்ணாடிப் புட்டியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். உட்கார ஸ்டூல் இருந்தும் நின்றுகொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்தார், புட்டியின் மூடியைத் திருகினார், உள்ளறைக்குப் போய்விட்டார். குய்லான் ஒரு சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"டிரில்லு எங்க?" என்றேன்.

"மேசைமேல. அங்கயே கெடக்கட்டும். நீ உக்காரு."

"எதுக்கு?"

"நாற்பத்தொண்ணுன்னு அன்னிக்கு உன் வாயால கெங்குகிட்ட சொன்ன. எங்கது ஒண்ணு போச்சு. இன்னும் நாற்பது பேர் பாக்கி. சந்தை சந்தையாச் சொல்லி விட்டிருக்கேன். பறிமுதல்ல தப்பிச்ச பெட்டி, மூலையில கெடந்த பெட்டி, எது இருந்தாலும் தூக்கிட்டு வராங்க."

"என் கையெழுத்துக்கு இப்ப மதிப்பில்ல. நான் அந்தக் கம்பெனியிலயே இல்ல."

"உன் கையெழுத்து யாருக்கு வேணும்? திறந்து காட்டு. மிச்சத்த அவங்களே பாத்துப்பாங்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் ஆள் உள்ளே வந்தான். லோயாங்கிலிருந்து பேருந்தில் வந்தவன். கடை போய்விட்டது, இப்போது லாரி ஓட்டுகிறான். ஒற்றைப் பெட்டியை மேசைமேல் வீசினான். என்னைத் திட்டினான், என் அப்பாவைத் திட்டினான், பெயர் தெரியாததால் தாத்தாவை விட்டுவிட்டான். நான் உட்கார்ந்து டிரில்லை எடுத்தேன்.

இந்த முறை பத்து விநாடியில் முடிக்கவில்லை. எடை போட்டேன். ஓட்டைப் பிரித்துக் கம்பியின் சுற்றுகளை எண்ணினேன். வெல்டிங்கை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குய்லான் அடுத்த பொத்தானுக்கு நூல் கோத்தாள். ஓர் அரை மணி ஆகியிருக்கும்.

"போலிதான்" என்றேன்.

லாரிக்காரன் மேசைக்கு மேலே பாய்ந்து என் சட்டையைப் பிடித்தான். குய்லான் ஊசியை வைக்காமலே அவன் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

"கைய எடு. மொதல்ல கேளு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, முதல் நாள் கேட்ட அதே குரலில் கேட்டாள்: "எதப் பாத்த?"

"எட்டு கிராம் எடை கம்மி. கம்பியில ரெண்டு சுத்து இல்ல. வெல்டிங்கப் பாருங்க, இந்த எடத்துல, புள்ளி புள்ளியா..." லென்ஸை அவன் பக்கம் தள்ளினேன். "நீங்களே பாருங்க."

அவன் தரையில் துப்பினான். பிறகு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, குனிந்தான்.